பாக்கெட் மூடிக்குக் கீழே

சுவர்த்தட்டிலிருந்த சாம்பல் நிற நூல்கோனை எடுக்கத் தையல் மாஸ்டர் கையை உயர்த்தினார். எட்டவில்லை. குதிகாலைத் தூக்கி, பெருவிரலில் நின்று, விரல் நுனியால் கோனைத் தட்டித் தட்டி விளிம்புக்குக் கொண்டுவந்து, விழும்போது பிடித்துக்கொண்டார். அந்தத் தட்டைச் சுவரில் அடித்தவரே அவர்தான். பதினேழு வருஷத்துக்கு முன்னால் தன் கையை நீட்டிப் பார்த்து, அதற்கு ஒரு விரற்கடை கீழே பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே அடித்தது. அண்ணாந்துகூடப் பார்க்காமல் பேச்சுவாக்கில் கையைத் தூக்கி வேண்டிய நிறத்தை எடுப்பார். இன்றைக்கு என்னவோ தட்டு மேலே ஏறிப்போய்விட்டது.

எதிரே நின்று ஒரு காவலாளிக்குத் தோளளவு எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் கண் தட்டைப் பார்க்கவில்லை. அவர் சட்டையைப் பார்த்தது. கையைத் தூக்கினால் சட்டையும் தூக்கத்தான் செய்யும், அதில் ஒன்றுமில்லை. ஆனால் கையை இறக்கி, கோனை மிஷினில் மாட்டி, நேராக நின்ற பிறகும் சட்டையின் பின் விளிம்பு தூக்கிக்கொண்டுதான் நின்றது. முன் விளிம்பு தொங்கியது. முன்னே தொங்கிப் பின்னே தூக்கும் சட்டை என்றால் கற்றுக்குட்டி வெட்டிய சட்டை என்று அர்த்தம். இந்தக் கடையில் அப்படி ஒரு சட்டை வெளியே போனதே கிடையாது. மனுஷருக்குக் கை தப்ப ஆரம்பித்துவிட்டதா?

கடை என்றால் பெரிய கடை ஒன்றும் இல்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நீள அறை, நான்கு மிஷின், வெட்டுமேஜை ஒன்று, திரை போட்ட டிரையல் ரூம் ஒன்று. கல்யாணத்துக்கும் விருந்துக்கும் தைப்பதில்லை, சீருடை மட்டும்தான். காவலாளிகள், பஸ் ஓட்டுநர்கள், பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸுகள் எல்லாரும் இங்கேதான் வருவார்கள். வெட்டுவது அவர், அளவெடுப்பது அவள். அவரை ஊரே மாஸ்டர் என்றது. அவளை அளவக்கா என்றது. அவள் வயதைவிட இருபது வயது மூத்த ஓட்டுநர்கூட அளவக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆளை வாசலில் பார்த்ததுமே இடுப்பு எத்தனை என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, பிறகு டேப்பை வைத்துச் சரிபார்ப்பாள். அரை இஞ்ச்சுக்கு மேல் பிசகினால் அன்றைக்கு முழுக்கத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டுக்காரரின் இடுப்பு இப்போது எத்தனை என்று தெரியாது. அதுதான் வேடிக்கை.

முன்பெல்லாம் தெரியும். வருஷத்துக்கு ஒரு முறை, வேலை ஓய்ந்த ஒரு நாளில், மாஸ்டர் தனக்கென்று ஒரு சட்டை வெட்டுவார். அன்றைக்கு அவள் அளவெடுக்க வேண்டும், அவர் எழுத வேண்டும். தனக்குத்தானே அளவெடுப்பவன் வயிற்றை எக்கிக்கொண்டு எடுப்பான் என்பது அவர் கட்சி. எண்ணைச் சொல்லும்போது அவள் ஏதாவது கேலி பேசுவாள், தொப்பைக்குத் தனியாகத் துணி எடுக்க வேண்டும் என்பாள், அவர் காதில் விழாத மாதிரி எழுதுவார். இரண்டு வருஷமாக அது நின்றுபோயிருந்தது. நேரமில்லை என்றார், பழைய அளவே போதும் என்றார். தானே வெட்டித் தானே தைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் மூடி வைத்த பாக்கெட், கெட்டித் துணி, கருநீலம் அல்லது கரும்பச்சை. வயசான காலத்தில் பட்டாளத்தில் சேரப் போகிறீர்களா என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

ஆள் இளைத்திருந்தார். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காவலாளிகள் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் அவள் தம்பி, சீருடை ஆர்டர் கொண்டுவரும்போதெல்லாம் மச்சானின் இடுப்பைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். ஐம்பத்தாறு வயதில் இப்படி வைத்திருக்கிறாரே, தனக்கு நாற்பத்தைந்தில் பெல்ட்டில் ஓட்டை போதவில்லையே என்பான். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார். சுறுசுறுப்புக்கும் குறைவில்லை, காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பார். மின்விசிறி முழு வேகத்தில் ஓட, மற்றவர்கள் வெட்டிய துணி பறக்காமல் கையால் அமுக்கிக்கொண்டிருக்க, அவர் மட்டும் வியர்த்து வழிவார். சாக்பீஸ் பிடிக்கும் கை லேசாக நடுங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கோடு போடுவதைப் பார்த்து அவள் கேட்டதற்கு, டீ அதிகமாகிவிட்டது என்றார். டீயை நிறுத்தினார். கை நிற்கவில்லை.

சட்டை தூக்கியதைப் பார்த்த நாலாம் நாள், காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அவர் முதுகில் ஏதோ மளுக்கென்றது. பெரிய ஷட்டர் இல்லை, அவளே எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. பிடிப்பு என்றார். தைலம் போதும் என்றார். பக்கத்திலேயே இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு அவர் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள். வீட்டில் படுக்கவைத்துவிட்டு வந்து, அவளும் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கும் அம்மாவும் கடையைப் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் ஒரு காலர் அவசரமாக வெட்ட வேண்டியிருந்தது. வெட்டுமேஜைக்குப் பின்னால் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணியிலும் பழுப்புக் காகிதத்தில் வெட்டிய மாதிரிகளைக் கொத்துக் கொத்தாக மாட்டியிருப்பார். ஒவ்வொன்றிலும் பெயர், தேதி. காலர் காகிதத்தைத் தேடிக்கொண்டு போனவளுக்குக் கடைசி ஆணியில், மற்றவற்றுக்குப் பின்னால் திருப்பி மாட்டிய ஒரு மாதிரி கிடைத்தது. அதில் பெயர் இல்லை, தேதிகள் மட்டும் இருந்தன. கழுத்து வளைவைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. அந்தக் கழுத்தை அவளுக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

மேஜையில் விரித்தாள். முன்பக்கத் துண்டில், பாக்கெட் மூடி வரும் இடத்துக்குக் கீழே, சின்னதாக ஒரு முக்கோணம் வரைந்திருந்தது. இரண்டு பக்கமும் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது டாட். துணியை உள்ளே மடித்துப் பிடித்து, நெஞ்சுப் பக்கம் மேடு கொடுப்பதற்காகப் போடும் தையல். நர்ஸுகளின் மேலுடுப்புக்கு அவள் ஆயிரம் தடவை இதற்கு அளவு சொல்லியிருக்கிறாள். ஆண்கள் சட்டைக்கு டாட் கிடையாது. தேவையே இல்லை.

அதை மூடத்தான் பாக்கெட். அந்த மூடி விறைப்பாக நிற்கத்தான் உள்ளே கேன்வாஸ். இரண்டு வருஷத்துக் கருநீலமும் கரும்பச்சையும் அவளுக்கு ஒரே நொடியில் புரிந்துபோயின. அவர் துண்டைப் போர்த்திக்கொண்டே குளியலறைக்குப் போனதும், எவ்வளவு வியர்த்தாலும் பனியனோடு படுத்ததும், அவள் கை மேலே பட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதும். அவருக்கு வயசாகிவிட்டது, ஆசை விட்டுப்போயிற்று என்று அவள் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லப்போனால் கொஞ்சம் கோபமும் வைத்திருந்தாள்.

முக்கோணம் ஒன்றில்லை, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று. பெரியது முக்கால் இஞ்ச், இரண்டு வருஷத்துக்கு முந்திய தேதி. அடுத்தது அரை. கடைசியாகக் கால், இரண்டு மாதத்துக்கு முந்திய தேதி. ஆக அது எதுவாக இருந்தாலும் வடிந்துகொண்டு வருகிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சற்று மூச்சு வந்தது. ஆனால் அதே தேதிகளில் முன்பக்க உயரத்தையும் மடித்து மடித்துக் குறைத்திருந்தார். முதலில் கால் இஞ்ச், பிறகு அரை, பிறகு இன்னும் முக்கால். பின்பக்கத்துக்குக் கீழே காகிதத் துண்டு ஒட்டி நீட்டியிருந்தார். கூனல் விழுந்தவர்களுக்கு வெட்டும் வெட்டு அது. அந்த முதுகு அவர் வெட்டி முடிப்பதற்குள் இன்னும் வளைந்திருக்கிறது. அதனால்தான் சட்டை தூக்கியிருக்கிறது. கை தப்பவே இல்லை.

காகிதத்தை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் மாஸ்டர் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். மதியம் காஜா அம்மா சாப்பிடப் போன பிறகு அவள் ஷட்டரைப் பாதி இறக்கினாள். டிரையல் ரூம் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாங்க."

"எதுக்கு?"

"உங்களுக்குச் சட்டை தைக்கணும். அளவு வேணும்."

"பழைய அளவு நோட்டுல இருக்கு."

"பழைய அளவுல இருந்த ஆளு நீங்க இல்ல."

அவர் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. அவளும் திரையை விடவில்லை. காவலாளியிடமும் ஓட்டுநரிடமும் சொல்கிற அதே குரலில், கையைத் தூக்குங்க என்றாள். முப்பது வருஷமாகக் காதில் விழுந்த குரல் என்பதாலோ என்னவோ, அவர் உள்ளே போய்க் கையைத் தூக்கினார்.

தோள் எடுத்தாள். இடுப்பு எடுத்தாள், மூன்று இஞ்ச் குறைந்திருந்தது. நெஞ்சுக்கு டேப்பைச் சுற்றியபோது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூச்சை விடுங்க என்றாள். சட்டைக்குக் கீழே மெத்தென்றிருந்த இடத்தில் டேப் அழுந்தாமல் பார்த்துக்கொண்டாள். அவள் விரல் பிடித்திருந்த டேப்பின் நுனி துடித்துக்கொண்டிருந்தது. அவர் இதயம் அடித்த அடி அது. சும்மா நின்றுகொண்டிருக்கும் மனுஷருக்கு, மாடிப்படி ஏறி வந்தவர் மாதிரி அடித்தது. எண்ணை மெதுவாகச் சொன்னாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசியில் மொத்த உயரம். தலைக்கு மேல் அடிக்கோலை வைத்துச் சுவரில் அடையாளம் போட்டு, தரையிலிருந்து அளந்தாள். நோட்டில் இருந்ததைவிட ஒன்றரை இஞ்ச் குறைவு. துணி டேப் பழசானால் நீண்டுபோகும்; நீண்ட டேப் எண்ணைக் குறைத்துக் காட்டும். தையல்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி இது. அவள் வெளியே வந்து, மேஜையில் இருந்த இரும்பு அளவுகோலின் மேல் டேப்பை விரித்து, இஞ்ச் இஞ்ச்சாகச் சரிபார்த்தாள். ஒரு நூல் பிசகவில்லை. தன் டேப் ஒரு தடவையாவது பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் ஏங்கினது அன்றைக்குத்தான்.

பக்கத்து ஆஸ்பத்திரி வேண்டாம் என்பதற்கு அவர் காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அங்கே இருக்கும் நர்ஸுகள் எல்லோருக்கும் மேலுடுப்பு வெட்டிக் கொடுத்தவர் அவர். அவர்கள் முன்னால் சட்டையைக் கழற்ற மாட்டார். இரண்டு பஸ் மாறி, தாங்கள் தைத்த உடுப்பு ஒருவர் மேலும் இல்லாத ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காத்திருந்த நேரத்தில் மாஸ்டர் பேசிய ஒரே பேச்சு, இங்கே நர்ஸுகளுக்குக் கைக்குழியை இறுக்கி வெட்டியிருக்கிறான் படுபாவி, ஒரு பெண்ணால் கையைத் தூக்க முடியாது என்பதுதான்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். மாஸ்டரின் கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தாள். தாள் படபடவென்று ஆடியது. கழுத்தைத் தடவிப் பார்த்தாள், தண்ணீர் குடிக்கச் சொல்லி விழுங்கும்போது மறுபடி பார்த்தாள். சட்டையைக் கழற்றச் சொன்னபோது, முதுகு வலிக்கிறது, கையை வளைக்க முடியாது என்றார். சரி என்று சட்டைக்கு மேலேயே குழாயை வைத்துக் கேட்டாள். வேறு தொந்தரவு உண்டா? இல்லை. வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இல்லை. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எலும்பின் அடர்த்தி பார்க்கும் ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது எல்லாம் மேஜையில் இருந்தது. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கிறது, எப்படியும் இரண்டு மூன்று வருஷமாக என்றாள். இளைத்தது, வியர்த்தது, நடுங்கியது, நெஞ்சு அடித்துக்கொண்டது எல்லாம் அதனால்தான். எலும்பும் அதனால்தான் என்றாள். எலும்பை உடம்பு நாள்தோறும் கொஞ்சம் கரைத்துக் கொஞ்சம் கட்டிக்கொண்டே இருக்குமாம். தைராய்டு மிஞ்சினால் கரைக்கிற வேகம் கூடிப்போகும், கட்டுகிற வேலை பின்தங்கிவிடும். பிரிக்கிற கை வேகமாகப் பிரித்துக்கொண்டே போனால் தைக்கிற கையால் ஈடுகொடுக்க முடியாது என்று அளவக்கா தனக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொண்டாள். எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் இரண்டு கட்டைகள் முன்பக்கம் நசுங்கி, ஆப்பு மாதிரி ஆகியிருந்தன. ஒன்று புதுசு, ஷட்டரில் ஆனது. இன்னொன்று பழசு. எப்போது உடைந்தது என்று மாஸ்டருக்கே தெரியவில்லை.

டாக்டரம்மா ஸ்கேன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வயசு ஆணுக்கு, தைராய்டை மட்டும் கணக்கில் எடுத்தாலும், எலும்பு இவ்வளவு தேய்ந்திருக்க வேண்டியதில்லை என்றாள். வேறு ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி கேட்டாள். மாஸ்டர் மறுபடி இல்லை என்றார். இந்த முறை அவர் குரல் ஒரு படி இறங்கியிருந்ததை மனைவி கவனித்தாள்.

இவர் சொல்லப் போவதில்லை என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. அடுத்த முறை வேறு ஒரு கட்டை நசுங்கும், அதற்கும் பிடிப்பு என்பார், அதற்கும் ஒரு காகிதத் துண்டு ஒட்டிச் சட்டையை நீட்டிக்கொள்வார். இந்த மனுஷர் மடங்கி மடங்கிக் கடைசியில் வெட்டுமேஜைக்கு மேல் தலை தெரியாமல் போகும்வரை வாயைத் திறக்க மாட்டார். அவள் கைப்பையைத் திறந்து, பழுப்புக் காகிதத்தை எடுத்து, ஸ்கேன் தாளுக்கு மேலேயே விரித்தாள். மாஸ்டரின் கை அதைத் தடுக்க வந்து, பாதியில் நின்றது.

"டாக்டர், இது இவரு சட்டையோட வெட்டு. இந்த எடத்துல டாட் இருக்கு பாருங்க. ஆம்பள சட்டையில டாட் வராது. நெஞ்சு பெருசானாத்தான் வரும்."

டாக்டரம்மா எழுந்து கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாஸ்டரைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தாள். இது வெட்கப்படுகிற சமாச்சாரமே இல்லை என்று சாதாரணமாகச் சொன்னாள். பெண் ஹார்மோன் என்று எல்லோரும் சொல்கிற ஈஸ்ட்ரோஜன் ஆண் உடம்பிலும் உண்டு. ஆண் ஹார்மோனிலிருந்துதான் அது உண்டாகிறது. தைராய்டு தறிகெட்டு ஓடும்போது ஈஸ்ட்ரோஜனின் பங்கு மிஞ்சிப்போகும், சில ஆண்களுக்கு நெஞ்சு வீங்கும், எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன் என்றாள். சொல்லிக்கொண்டே விரலை முக்கோணங்களின் மேல் ஓட்டினவள் நிறுத்தினாள். இந்த மூன்று கோடுகள் என்ன என்று கேட்டாள். தேதி வாரியாகக் குறைந்திருக்கிறது, நல்லதுதானே என்று அளவக்கா முந்திக்கொண்டு சொன்னாள்.

"தைராய்டுக்கு இதுவரைக்கும் வைத்தியமே பண்ணலியே. அப்புறம் இது மட்டும் எப்படிக் குறைஞ்சுது?"

கேள்வி மாஸ்டருக்குத்தான். அவர் சட்டைப் பாக்கெட்டின் மூடியைத் தூக்கி, உள்ளேயிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற ஒரு காவலாளி கொடுத்தது. உடம்பை ஏற்றுகிறவர்களுக்கு நெஞ்சு இப்படி ஆகிவிடுமாம், அவர்கள் இதைப் போட்டுத்தான் வடியவைப்பார்களாம். அவன் தோளளவுக்கு வந்து நின்றபோது தன் நண்பனிடம் பேசிக்கொண்டிருந்தது மாஸ்டரின் காதில் விழுந்திருக்கிறது. தன் சொந்தக்காரன் ஒருத்தனுக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கியிருக்கிறார். பதினாலு மாதமாக, ஒரு நாள் விடாமல்.

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் படித்தாள். அவள் முகம் மாறியதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"இது உடம்புல ஈஸ்ட்ரோஜன் உண்டாகாம தடுக்கிற மாத்திரை. ஆம்பளைங்களுக்கும் எலும்பக் காக்கிறது அந்த ஈஸ்ட்ரோஜன்தான், ஐயா. தைராய்டு ஒரு பக்கம் எலும்ப அரிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்ததையும் நீங்க எடுத்துட்டீங்க."

காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பேனாவால் தேதிகளைக் காட்டினாள். நெஞ்சுக் கோடு குறைய ஆரம்பித்த தேதிக்குப் பிறகுதான் முன்பக்கம் வேகமாக மடிந்திருந்தது. கால், அரை, முக்கால். டாட் சுருங்கச் சுருங்க முதுகு மடங்கியிருந்தது. இது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் இதற்குப் பங்கில்லை என்றும் சொல்ல மாட்டேன் என்றாள். குறைந்துகொண்டு வருகிறது என்று சந்தோஷப்பட்டவள் அளவக்கா.

மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொன்னாள் டாக்டரம்மா. தைராய்டை அடக்க ஒன்று, நடுக்கத்துக்கு ஒன்று, எலும்புக்கு வருஷத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றும் மருந்து. கனமாக எதையும் தூக்கக் கூடாது. போன உயரம் திரும்பாது, மேற்கொண்டு போகாமல் பார்க்கலாம். மாஸ்டர் அதுவரைக்கும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"மாத்திரைய நிறுத்துனா, மறுபடி வருமா இது?"

"கொஞ்ச நாளைக்கு வரும். தைராய்டு அடங்கினா மெதுவா வடியும். முழுசா வடியாமலும் இருக்கலாம்."

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டாவது பஸ்ஸில், பாதி வழியில், வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் மானத்த மேஜையில விரிச்சுப் போட்டுட்ட."

கோபம் வரும் என்று பார்த்தாள், அதற்குப் பதில் அழுகைதான் வந்தது. ஊரில் உள்ளவர்களின் உடம்பையெல்லாம் டேப்பால் சுற்றித் தெரிந்துவைத்திருந்தவள், பக்கத்தில் படுத்தவரைக் கைநீட்டித் தொட்டுப் பார்க்காமல் இரண்டு வருஷம் ரோஷத்தில் ஓட்டியிருக்கிறாள். தொட்டிருந்தால் ஒரே ராத்திரியில் தெரிந்திருக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவரைப் போலவே வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"மானத்தக் காட்டல. வெட்டத்தான் காட்டினேன். நல்ல வெட்டு அது."

கொஞ்ச தூரம் போன பிறகு, மூடிக்கு உள்ளே கேன்வாஸை ஒட்டுவதற்குப் பதில் தைத்திருந்தால் இன்னும் நன்றாக விழுந்திருக்கும் என்றார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் ஆயிற்று. மாஸ்டருக்கு உடம்பு கொஞ்சம் பிடித்தது. மின்விசிறி இரண்டில் ஓடியது, வெட்டிய துணி மேஜையில் நின்றது. சாக்பீஸ் கோடு ஆறு மாதத்தில் நேரானது. ஷட்டரைத் தூக்கும் வேலை அளவக்காவுக்கு வந்து சேர்ந்தது. தம்பிதான் கொஞ்ச நாள் விழித்தான்; இளைத்தது நோயால் என்று தெரிந்ததும் தன் தொப்பையைத் தட்டிக்கொடுத்து, இனி இதைக் குறை சொன்னால் பார் என்று அக்காவை மிரட்டினான். மற்றதை அவள் அவனிடம் சொல்லவில்லை. டாக்டரம்மா சொன்ன மாதிரியே மாத்திரையை விட்ட மூன்றாம் மாதம் நெஞ்சு மறுபடி பெருத்தது. வடிய ஆரம்பித்திருக்கிறது என்று சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

வேலை ஓய்ந்த ஒரு நாளில் தம்பி துளைபோடும் மிஷினோடு வந்தான். நூல் தட்டைக் கழற்றி நாலு விரற்கடை கீழே இறக்கச் சொன்னவர் மாஸ்டர். தன் கையை நீட்டிப் பார்த்து, பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். தம்பி அடித்து முடித்துவிட்டுப் போன பிறகு, வெட்டுமேஜையிலிருந்து பழைய அளவு நோட்டை எடுத்து, புதிதாக ஒரு பக்கம் திருப்பித் தேதி எழுதினார். அதற்குக் கீழே தன் பெயரை எழுதினார். மனைவியைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

அவள் டிரையல் ரூம் திரையை விலக்கப் போனாள். அவர் நகரவில்லை, வெட்டுமேஜைக்குப் பக்கத்திலேயே நின்றார். காஜா அம்மா இரண்டடி தள்ளி மிஷினில் குனிந்திருந்தாள். வாசலில் ஒரு ஓட்டுநர் தன் சட்டைக்காக உட்கார்ந்திருந்தார். அளவக்கா டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். தோள் சொன்னாள், எழுதினார். இடுப்பு சொன்னாள், தொப்பைக்குத் துணி மிச்சம் என்றாள், எழுதினார். நெஞ்சுக்கு வந்ததும் அவள் குரல் தானாகவே தாழ்ந்தது.

"காதுல விழல. சத்தமாச் சொல்லு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஞ்சு முப்பத்தொம்பதர. டாட் முக்கால்."

காஜா மிஷின் நின்றது. ஓட்டுநர் தலையைத் தூக்கினார். மாஸ்டர் எழுதினார், முக்கால் என்ற எண்ணுக்குக் கீழே எப்போதும் போடுகிற கோட்டையும் போட்டார். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. பாக்கெட் எத்தனை என்று அவள் கேட்டாள். ஒன்று போதும், மூடி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவர் துணியை விரித்தார். வெள்ளைத் துணி. எழுதிய கையை அண்ணாந்து பார்க்காமலே மேலே நீட்டினார். கை வெள்ளை நூல்கோனில் போய் நின்றது. அதற்கும் மேலே, தட்டு முன்பு இருந்த இடத்தில், நாலு ஆணித் துளைகளும் பதினேழு வருஷம் தூசி படாத ஒரு நீளப் பட்டையும் சுவரில் தெரிந்தன.